பாட்டை யாருக்குச் சொந்தம்? – கணினி நியமங்களின் தோற்றமும் மறைவும்

நான் கற்பித்த பாடசாலையின் காரியாலயத்திற் பழைய புள்ளி அச்சுப்பொறி ஒன்று இருந்தது. தவணைப் பரீட்சை நெருங்கும் வேளையில் அதற்குத் தனி மதிப்பு உண்டாகிவிடும். மைநாடாவைக் கழற்றிவிட்டு, அதன் ஊசிகளை நேரே ஸ்ரென்சில் தாளின்மீது மோதவிட்டால் வினாத்தாளுக்குரிய ஸ்ரென்சில் ஆயத்தமாகிவிடும். பின்னர் அதனை றோணியோ இயந்திரத்திற் பொருத்தி நூற்றுக்கணக்கான பிரதிகளைச் சொற்பச் செலவில் எடுத்துவிடலாம். மைதெளிக்கும் புதிய அச்சுப்பொறிகள் இவ்வேலைக்கு உதவா. அவை தாளை மோதுவதேயில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலைக்குப் புதிய கணினிகள் வந்தன. அவற்றின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தபோது, அந்த அச்சுப்பொறியின் தடித்த கம்பியைச் செருகுவதற்கு இடமே இருக்கவில்லை. கணினிகளைப் பொருத்த வந்திருந்த தொழினுட்பவியலாளர் ஓர் இளைஞர், பண்பானவர். "சேர், அந்தப் போட் இப்ப வாறதில்லை. அதின்ரை காலம் முடிஞ்சு போச்சு" என்றார்.

அவர் கூறியது பொய்யன்று. ஆயினும் 'காலம் முடிந்துவிட்டது' என்ற அச்சொற்றொடர் நெடுநாள் என் மனத்தை உறுத்திற்று. பழுத்த இலை உதிர்வதை நாம் அவ்வாறு கூறலாம். எமது அச்சுப்பொறியோ பழுதடையவில்லை, அதன் ஊசிகள் தேயவில்லை, கம்பி அறவில்லை. எங்கோ தொலைவில் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்த சிலர் எடுத்த முடிவொன்று, பல கடல்களைத் தாண்டி எம்மிடம் வந்து சேரும்போது இயற்கை நியதியின் கோலத்தைப் பூண்டுவிடுகின்றது. அம்மேசையைச் சூழ்ந்திருந்தோர் யாவர், எதன் பொருட்டு அம்முடிவை எடுத்தனர் என்று வினவுவது வரலாற்று மாணவரின் கடமையாகும்.

முதற்கண் 'நியமம்' என்பதன் பொருளைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒருவர் வார்த்த திருகாணி, அவரை ஒருபோதும் கண்டிராத வேறொருவர் கடைந்த துளையிற் பொருந்த வேண்டுமாயின், இருவரும் முன்கூட்டியே சில அளவுகளுக்கு உடன்பட்டிருத்தல் வேண்டும். அவ்வுடன்பாடே நியமம். கணினித் துறையில் இத்தகைய உடன்பாடுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றுள் எவை நிலைத்தன, எவை மறைந்தன என்பதைச் சிறந்தது வாழ்ந்தது, தாழ்ந்தது மாய்ந்தது என்ற ஒற்றை வாய்ப்பாட்டால் விளக்கிவிட முனைவோர் பலர். எமது அச்சுப்பொறியின் கதையே அவ்வாய்ப்பாட்டுக்கு இடங்கொடுப்பதாக இல்லை. அதன் கம்பியின் நுனியிலிருந்த 36 ஊசிப் பொருத்தி, 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சென்ரோனிக்ஸ் கம்பனி வெளியிட்ட அச்சுப்பொறியில் முதன்முதல் இடம்பெற்றது. ஆய்வுகூடத்தில் நெடிது சிந்தித்து அதனைத் தெரிந்தெடுத்தார்கள் என்று எண்ணற்க. அக்கம்பனியோடு தொடர்புடைய வாங் நிறுவனம் தனது கணிப்பான்களுக்கென வாங்கிய பொருத்திகளில் ஏறத்தாழ 20,000 மிகுந்து கிடந்தன. கிடந்ததை எடுத்துப் பயன்படுத்தினார்கள். களஞ்சியத்தில் மிஞ்சிய சரக்கு முப்பது ஆண்டுகளுக்குமேல் உலகத்து அச்சுப்பொறிகளையெல்லாம் ஆண்டது.

தற்செயலாகப் பிறந்த நியமமும் உண்டு. திட்டமிட்டு வேலியடைத்த நியமமும் உண்டு. இரண்டாவது வகைக்கு ஐ.பி.எம். கம்பனியின் துளையட்டை தக்க சான்றாகும். 1928இல் அக்கம்பனி நீள்சதுரத் துளைகளைக் கொண்ட 80 நிரல் அட்டையை வெளியிட்டது. போட்டிக் கம்பனியான றெமிங்ரன் ராண்ட் வட்டத் துளைகளையுடைய 90 நிரல் அட்டையைக் கொணர்ந்தது. ஒன்றன் அட்டை மற்றதன் இயந்திரத்திற் செல்லாது. ஐ.பி.எம். தன் இயந்திரங்களை விற்கவில்லை, வாடகைக்கே விட்டது. வாடகைக்கு எடுப்போர் ஐ.பி.எம். அட்டைகளையே வாங்க வேண்டும் என்றும் விதித்தது. 1936இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் இந்நிபந்தனை சட்டத்துக்கு முரணானது எனத் தீர்த்தது. அதன்பின்னரும் ஏகபோகம் தளராமையால், 1956ஆம் ஆண்டின் இணக்கத் தீர்ப்பு ஒன்றன்மூலம் இயந்திரங்களை விற்கவும் வேண்டும், அட்டை உற்பத்தி ஆற்றலிற் பாதிக்கு மேற்பட்டதைக் கைவிடவும் வேண்டும் என்று கட்டுப்படுத்தப்பட்டது. அட்டை இன்று இல்லை. ஆயினும் பின்னாளைய கணினித் திரைகளில் ஒரு வரிக்கு 80 எழுத்துகள் என்ற கணக்கு நிலைத்துவிட்டது. இறந்த நியமங்கள் இவ்வாறுதான் எஞ்சி வாழ்கின்றன.

இப்பின்னணியை மனங்கொண்டு 1981க்கு வருவோம். அவ்வாண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி ஐ.பி.எம். தனது தனியாள் கணினியை அறிமுகஞ் செய்தது. நியமங்களுக்கு வேலியடைப்பதில் ஐம்பதாண்டுப் பழக்கமுள்ள அக்கம்பனி, இவ்வியந்திரத்தில் மாத்திரம் வேலியை மறந்தது ஏன்? அவசரமே காரணம். சிறுகணினிச் சந்தையில் அப்பிள் முதலிய இளைய கம்பனிகள் முந்திக்கொண்டன. புளோரிடாவின் போகா ரேற்றன் நகரில் டொன் எஸ்றிட்ஜ் என்பவரின் தலைமையிலான சிறிய குழுவொன்று ஏறத்தாழ ஓராண்டில் இயந்திரத்தை முடிக்க வேண்டியிருந்தது. ஆகவே செயலியை இன்டெல்லிடமும், இயக்க மென்பொருளை மைக்ரோசொப்ட்டிடமும், அச்சுப்பொறியை யப்பானிய எப்சன் கம்பனியிடமும் வாங்கினார்கள். அன்றியும், பிற கம்பனிகள் துணைச்சாதனங்களைச் செய்து தரவேண்டும் என்பதற்காக இயந்திரத்தின் சுற்று வரைபடங்களை நூலாகவே வெளியிட்டார்கள்.

அவ்வியந்திரத்தின் தாய்ப்பலகையில் ஐந்து செருகுவாய்கள் இருந்தன. திரைக்கொன்று, அச்சுக்கொன்று, நினைவகத்துக்கொன்று என வேண்டிய அட்டைகளை அவற்றிற் செருகிக்கொள்ளலாம். இச்செருகுவாய்களையும் செயலியையும் இணைக்கும் கம்பித் தொகுதியை எமது பாடநூல்கள் 'பாட்டை' என்று பொருத்தமாகவே பெயரிட்டுள்ளன. தரவுகள் போய்வரும் தெரு அது. அத்தெருவின் அகலம், வேகம், எந்தக் கம்பியில் எந்தச் சமிக்ஞை வரும் என்ற ஒழுங்கு ஆகியவற்றை அறிந்த எவரும் அதற்கேற்ற அட்டையைச் செய்யலாம். விரைவில் நூற்றுக்கணக்கானோர் செய்தனர். தெரு ஐ.பி.எம். அமைத்தது, அதன் இருமருங்கும் குடியேறியவர்களோ பிறர்.

தெருவில் அட்டை விற்பதோடு நில்லாது, முழு இயந்திரத்தையுமே செய்துவிடலாம் எனச் சிலர் கருதினர். அதற்கு ஒரேயொரு தடை இருந்தது. இயந்திரம் விழித்தெழும்போது முதலில் இயங்கும் 'பயோஸ்' என்னும் நிரலுக்கு ஐ.பி.எம். பதிப்புரிமை பெற்றிருந்தது. ரெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் கம்பனியிலிருந்து விலகிய மூவர் 1982இல் ஹூஸ்ரன் நகரில் நிறுவிய கொம்பாக் கம்பனி இத்தடையைச் சட்டத்துக்குட்பட்டே கடந்தது. ஒரு குழுவினர் அந்நிரல் என்ன செய்கின்றது என்பதை மாத்திரம் ஆராய்ந்து எழுதிவைத்தனர். மூல நிரலைக் கண்ணாற் கண்டிராத வேறொரு குழுவினர் அக்குறிப்பைக் கொண்டு புதிதாக எழுதினர். முதல் விற்பனை ஆண்டான 1983இல் கொம்பாக் 111 மில்லியன் டொலருக்கு விற்றது. 1984 முதல் பீனிக்ஸ் கம்பனி இத்தகைய பயோஸை எவருக்கும் விற்கத் தொடங்கவே, நகற் கணினிகள் காளான்கள்போல் முளைத்தன.

1984இல் ஐ.பி.எம். தன் 'ஏ.ரி.' கணினியைக் கொணர்ந்தபோது பாட்டையை 8 பிற்றிலிருந்து 16 பிற்றாக அகலப்படுத்தியது. அதனைச் செய்த முறை பாராட்டத்தக்கது. 62 தொடுகைகளையுடைய பழைய செருகுவாயை அவ்வாறே விட்டு, அதன் பின்னால் 36 தொடுகைகளைக் கொண்ட இன்னொரு சிறு செருகுவாயை நேர்கோட்டில் வைத்தனர். புதிய நீண்ட அட்டை இரண்டிலும் பொருந்தும். பழைய குட்டை அட்டை முன்னதில் மாத்திரம் பொருந்தி முன்போலவே வேலை செய்யும். புதியது வருவதற்குப் பழையது சாகவேண்டும் என்ற கட்டாயம் இயந்திரவியலில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும் இத்தகைய நல்லிணக்கம் ஐ.பி.எம். இன் கணக்கேட்டுக்கு ஒவ்வவில்லை. 1986 செப்ரெம்பரில், இன்டெல்லின் புதிய 386 செயலியைக் கொண்ட கணினியை ஐ.பி.எம். இற்கு முன்னரே கொம்பாக் வெளியிட்டுவிட்டது. தெருவை அமைத்தவன் தன் தெருவிலேயே பின்தங்கிவிட்டான். இதற்கான மறுமொழிதான் 1987 ஏப்பிரல் 2ஆம் திகதி வெளிவந்த 'பி.எஸ்/2' கணினி வரிசையும், அதன் உயர்ந்த வகைகளில் அமைந்த 'மைக்ரோ சனல்' என்னும் புதிய பாட்டையும்.

மைக்ரோ சனல் தொழினுட்ப ரீதியில் மேலானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அது 32 பிற்று அகலம் வரை சென்றது, பழையதிலும் விரைவானது. பழைய பாட்டையில் ஓர் அட்டையைப் பொருத்துவதென்றால், மற்றோர் அட்டையோடு மோதாதபடி சின்னஞ்சிறு ஜம்பர்களைக் கழற்றி மாட்ட வேண்டும். அந்நாட்களில் இவ்வேலையில் மாலைப் பொழுதுகளைத் தொலைத்த ஆசிரியர்கள் இன்றும் அதை மறந்திருக்க மாட்டார்கள். மைக்ரோ சனல் அத்தொல்லையை மென்பொருளாலேயே தீர்த்தது. ஆனால் அதன் செருகுவாயில் பழைய அட்டை எதுவும் பொருந்தாது. அதுவரை உலகெங்கும் மக்கள் வாங்கியிருந்த கோடிக்கணக்கான டொலர் பெறுமதியுள்ள அட்டைகள், புதிய இயந்திரத்தின் முன் வெறும் தகடுகளாயின. அத்தோடு புதிய பாட்டை ஆக்கவுரிமைகளால் இறுக அடைக்கப்பட்டிருந்தது. அதனைப் பயன்படுத்த விரும்பும் பிற கம்பனிகள் தம் விற்பனை வருமானத்தில் 5 சதவீதம் வரை உரிமைக்கட்டணமாகச் செலுத்த வேண்டும் என்றும், அதுவரை செய்து விற்ற நகற் கணினிகளுக்கும் பின்னோக்கிக் கட்டணம் தரவேண்டும் என்றும் ஐ.பி.எம். கோரியது. பொதுத் தெருவாகிவிட்ட ஒன்றைக் கைவிட்டு, அருகே அகலமான புதுத் தெருவொன்றை வெட்டி, அதன் வாயிலிற் சுங்கச் சாவடியைக் கட்டி, பழைய தெருவில் நடந்தவர்களிடமும் நடந்ததற்குக் காசு கேட்டது போன்றதாயிற்று இது.

1988 செப்ரெம்பர் 13ஆம் திகதி கொம்பாக்கின் தலைமையில் ஒன்பது கம்பனிகள் ஒன்றுகூடிப் புதிய பாட்டையொன்றை அறிவித்தன. கொம்பாக், ஏ.எஸ்.ரி., எப்சன், ஹியூலற்-பக்கார்ட், என்.ஈ.சி., ஒலிவெற்றி, ரான்டி, வைஸ், செனித் என்பனவே அவை. பத்திரிகைகள் இவர்களை 'ஒன்பதின்மர் கும்பல்' என்று கேலியாக அழைத்தன. இவர்களது 'ஈ.ஐ.எஸ்.ஏ.' பாட்டையும் 32 பிற்று அகலமுடையது. ஆனால் அதன் செருகுவாய் இரு தட்டுகளாக ஆழப்படுத்தப்பட்டிருந்தது. பழைய அட்டையைச் செருகினால் அது மேற்தட்டில் நின்றுவிடும். புதிய அட்டை தன் வெட்டுகளின் வழியாகக் கீழ்த்தட்டு வரை இறங்கும். 1984இல் ஐ.பி.எம். நீளவாக்கிற் செய்ததை இவர்கள் ஆழவாக்கிற் செய்தனர் எனலாம்.

இவ்விடத்தில் பெயரைப் பற்றிய சுவையான செய்தி ஒன்றைக் கூறாமல் மேற்செல்ல மனமில்லை. பழைய பாட்டைக்கு அதுவரை முறையான பெயர் எதுவும் இருக்கவில்லை, 'ஏ.ரி. பாட்டை' என்றே எல்லோரும் வழங்கினர். 'ஏ.ரி.' என்பதோ ஐ.பி.எம். இன் வணிகக் குறி. ஆகவே போட்டியாளர்கள் அதற்குக் 'கைத்தொழில் நியமக் கட்டமைப்பு' என்று பொருள்படும் 'ஐ.எஸ்.ஏ.' என்ற பெயரைச் சூட்டினார்கள். ஐ.பி.எம். இன் பிள்ளை, ஐ.பி.எம். இடமிருந்து காக்கப்படுவதற்காக, ஊர்ப்பிள்ளையாகப் பெயர் மாற்றப்பட்டது.

நம் முற்போக்கு அன்பர்களிற் சிலர் இந்த ஒன்பதின்மரைப் பொதுவுடைமைக்காகப் போரிட்ட வீரர்களாக எண்ணிவிடக் கூடும். அது தவறு. அவர்களும் முதலாளிகளே. சுங்கம் கட்டினால் தம் இலாபம் குறையும் என்பதனாற் சுங்கச் சாவடியை எதிர்த்தார்கள். ஆயினும் முதலாளிகளுக்கிடையிலான போட்டி, அவர்கள் விரும்பியோ விரும்பாமலோ, சில வேளைகளிற் பொதுவழியைத் திறந்து வைக்கின்றது. அட்டைகளை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த சிறு நிறுவனங்களும் கல்லூரிகளும் இப்போட்டியால் நன்மையடைந்தன என்பது உண்மை. ஐ.பி.எம். இன் உறுதியும் அதே மாதத்தில் ஆட்டங்கண்டது, பி.எஸ்/2 வரிசையிலேயே பழைய பாட்டையைக் கொண்ட 286 வகையொன்றை அது வெளியிட்டது.

மைக்ரோ சனல் மெல்ல மறைந்தது. ஐ.பி.எம். 1992இல் ஏறத்தாழ 5 பில்லியன் டொலர் நட்டமடைந்தது. 1985இல் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த அதன் ஊழியர் தொகை 1994இல் ஏறத்தாழ 220,000 ஆயிற்று. பெருங்கணினிச் சந்தையின் சரிவே இதற்கு முதற் காரணம். பாட்டைப் போரின் தோல்வி அதற்குத் துணைசெய்தது. போகா ரேற்றனில் எடுக்கப்பட்ட முடிவுகளில் எந்தப் பங்கும் வகித்திராத தொழிலாளரும் எழுதுவினைஞரும் அந்நட்டத்தைத் தம் வேலையாற் செலுத்தினர் என்பதை வாசகர் மறத்தலாகாது. 2005இல் ஐ.பி.எம். தன் தனியாள் கணினித் தொழிலையே சீனத்து லெனோவோவுக்கு விற்றுவிட்டது.

ஆனால் பி.எஸ்/2 முற்றாக இறந்துவிடவில்லை. விசைப்பலகையையும் சுட்டியையும் பொருத்துவதற்கென அவ்வியந்திரத்தில் அமைந்த சிறிய வட்டத் துறையை எல்லோரும் பின்பற்றினர். இன்றும் அதன் பெயர் பி.எஸ்/2 துறைதான். அதனோடு பிறந்த 'வி.ஜி.ஏ.' திரைத்துறை கால் நூற்றாண்டு ஆட்சிசெய்தது. அதனை 2015க்குள் கைவிடுவதென 2010 டிசெம்பரில் இன்டெல், ஏ.எம்.டி., டெல், லெனோவோ முதலிய கம்பனிகள் கூட்டாக அறிவிக்கும் வரை அது அசையவில்லை. எவற்றைப் பிறர் தடையின்றிப் பின்பற்ற முடிந்ததோ அவை பிழைத்தன. எதற்கு இறுக வேலியடைக்கப்பட்டதோ அது பட்டுப்போயிற்று.

ஒன்பதின்மரின் ஈ.ஐ.எஸ்.ஏ. பாட்டையும் வெற்றிபெறவில்லை. விலை அதிகமாகையால் அது பெரிய சேவையகங்களுக்குள் ஒடுங்கியது. வண்ணப் படங்களும் சாளரங்களும் திரைக்கு வந்தபோது, 8 மெகாஹேர்ட்ஸில் ஓடிய பழைய ஐ.எஸ்.ஏ. பாட்டை மூச்சுத் திணறியது. இடைக்காலத்தில், 1992இல் தோன்றிய 'வீசா' பாட்டை 486 செயலியின் கம்பிகளோடு நேரே பிணைந்திருந்தமையால், அச்செயலியோடு உடன்கட்டையேறிவிட்டது. அதே ஆண்டில் இன்டெல் வெளியிட்ட 'பி.சி.ஐ.' பாட்டையே அடுத்த பத்தாண்டுகளுக்கு உரியதாயிற்று. செக்கனுக்கு 133 மெகாபைற்று வரை கொண்டுசெல்ல வல்லது அது, ஐ.எஸ்.ஏ. யின் உச்சம் 16 மாத்திரமே. ஜம்பர் தொல்லையும் இல்லை. ஒரு கம்பனியின் செயலிக்கு மாத்திரம் உரியதாக இராமையால் 1995இல் அப்பிளும் அதனை ஏற்றது. யாவற்றிலும் முக்கியமானது, அதற்கு உரிமைக்கட்டணம் கேட்கப்படவில்லை.

ஐ.பி.எம். சுங்கம் கேட்ட இடத்தில் இன்டெல் ஏன் வழியை இலவசமாகத் திறந்துவிட்டது? இன்டெல்லின் உள்ளம் விசாலமானது என்பதனாலன்று. ஐ.பி.எம். விற்றது முழு இயந்திரத்தை. இன்டெல் விற்றது அதன் செயலியை. எவர் இயந்திரம் செய்தாலும், எத்தனை பேர் செய்தாலும், அவற்றுட் பெரும்பாலானவற்றில் இன்டெல் செயலியே அமரும். பாட்டை எவ்வளவு அகலமோ அவ்வளவு விரைவான செயலி தேவைப்படும். அன்றியும், பாட்டையைச் செயலியோடு இணைக்கும் சில்லுத்தொகுதிகளை விற்பதிலும் இன்டெல்லே சில ஆண்டுகளில் முன்னிலைக்கு வந்தது. தெருவை ஊருக்கு விட்டுக்கொடுத்தவன் தெருவின் கோடியிலுள்ள ஒரேயொரு பெருங்கடையின் சொந்தக்காரன். சுங்கச் சாவடி தெருவின் வாயிலிலிருந்து கடையின் கல்லாவுக்கு இடம்மாறியது. இம்மாற்றத்தைக் காணாது, 'திறந்த நியமம் வென்றது' என்று எழுதுவோர் பாதி வரலாற்றையே எழுதுகின்றனர்.

இனி ஐ.எஸ்.ஏ. யின் மரணத்தை நோக்குவோம். பல ஆண்டுகள் பி.சி.ஐ. யும் ஐ.எஸ்.ஏ. யும் ஒரே தாய்ப்பலகையில் அருகருகே இருந்தன. வெள்ளைச் செருகுவாய்களுக்குப் பக்கத்திற் கரிய நீண்ட செருகுவாய்களைக் கண்ட நினைவு பலருக்கு இருக்கும். ஆண்டுதோறும் கரியவை குறைந்தன. மூன்று, இரண்டு, ஒன்று. மைக்ரோசொப்ட்டும் இன்டெல்லும் கூட்டாக வெளியிட்டுவந்த கணினி வடிவமைப்புக் கையேடுகளுள் 'பி.சி. 99' எனப்பட்டது ஐ.எஸ்.ஏ. செருகுவாய்களை முற்றாக நீக்கும்படி பரிந்துரைத்தது. இக்கையேடுகள் எந்தப் பாராளுமன்றமும் நிறைவேற்றிய சட்டங்களல்ல. ஆயினும் அவற்றுக்கமையச் செய்யாத இயந்திரத்தின்மீது மைக்ரோசொப்ட்டின் இலச்சினையை ஒட்ட முடியாது. இலச்சினையில்லாத இயந்திரத்தைக் கடைக்காரர் விரும்பார். சட்டத்தின் வேலையை ஓர் ஒட்டுத்தாள் செய்துமுடித்தது.

அக்கையேடு எமது அச்சுப்பொறியின் சமாந்தரத் துறையையும் விட்டுவைக்கவில்லை. அதனையும் அதன் கூட்டாளிகளையும் 'பழைய மரபின் எச்சங்கள்' என வகைப்படுத்தியது. 1996இல் ஏழு கம்பனிகள் கூடி வெளியிட்ட யூ.எஸ்.பி. அவற்றின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. 1998இல் அப்பிளின் ஐமக், பழைய துறைகளையும் நெகிழ்வட்டையும் ஒரேயடியாகக் களைந்துவிட்டு யூ.எஸ்.பி. யோடு வந்தது. சமாந்தரப் பாட்டைகளுக்கு இயற்பியலும் ஓர் எல்லையை வகுத்திருந்தது. பல கம்பிகளில் ஒரே கணத்திற் புறப்படும் சமிக்ஞைகள், வேகம் கூடக்கூட, சற்று முந்தியும் பிந்தியும் வந்து சேரும். அணிவகுப்பிற் கால் தவறுவது போன்றது அது. ஆகவே, 2003இல் வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ், குறைந்த கம்பிகளில் ஒன்றன்பின் ஒன்றாக மிக விரைவில் அனுப்பும் தொடர்முறையைக் கைக்கொண்டது. இம்மாற்றத்தை எதிர்ப்பது அறிவீனம். நான் எதிர்க்கவுமில்லை. ஐ.எஸ்.ஏ. யின் குறைகள் உண்மையானவை, யூ.எஸ்.பி. யின் வசதியை அனுபவித்தவர் எவரும் பழையதற்குத் திரும்ப விரும்பார். மாற்றத்தின் செலவை யார் தலையிற் சுமத்துகிறார்கள் என்பதே என் கேள்வி.

பலமுள்ளோர் தமக்கு வேண்டிய பழைமையைத் தாமே காத்துக்கொள்கின்றனர். அமெரிக்க அணுவாயுதப் படைகளுக்குக் கட்டளை அனுப்பும் தொகுதியொன்று, 1970களைச் சேர்ந்த ஐ.பி.எம். கணினியையும் 8 அங்குல நெகிழ்வட்டுகளையும் இன்னும் பயன்படுத்தி வருவதை அந்நாட்டு அரசாங்கப் பொறுப்புக்கூறல் அலுவலகம் 2016இல் வெளிப்படுத்தியது. 2019இற்றான் அவ்வட்டுகள் நீக்கப்பட்டன. யப்பானிய அரசாங்கம், மனுக்களை நெகிழ்வட்டிற் சமர்ப்பிக்க வேண்டும் என்பன போன்ற ஆயிரத்துக்கு மேற்பட்ட விதிகளை 2024இற்றான் களைந்து முடித்தது. பெருந்தொழிற்சாலைகளின் பொருட்டு ஐ.எஸ்.ஏ. செருகுவாயுள்ள தாய்ப்பலகைகளைச் செய்யும் சிறப்புக் கம்பனிகள் இன்றும் உள்ளன; அவற்றின் விலை சாதாரணப் பலகையின் விலையிலும் பன்மடங்கு. ஆக, காலம் முடிந்துவிட்டது என்பது எல்லோருக்கும் ஒரே நாளில் முடிவதில்லை. பணமும் படையும் உள்ளவருக்கு அது நீடிக்கும்.

இல்லாதவர் பக்கம் திரும்பினால் வேறொரு காட்சி தென்படுகிறது. நியமம் மாறியதால் ஒதுக்கப்பட்ட இயந்திரங்கள் எங்கே செல்கின்றன? ஐக்கிய நாடுகள் சபையின் துணையோடு 2024இல் வெளியிடப்பட்ட மின்னணுக் கழிவு அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்தது, அதில் 22.3 சதவீதமே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதற்குப் பதிவு உண்டு. அபாயக் கழிவுகளை நாடுவிட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசெல் உடன்படிக்கை 1989இல் உருவாகி 1992இல் நடைமுறைக்கு வந்தது. அதிற் கையொப்பமிட்ட அமெரிக்கா இன்றுவரை அதனை ஏற்புறுதி செய்யவில்லை. சீனத்தின் குவாங்டொங் மாகாணத்திலுள்ள குயியூ நகரில், தாய்ப்பலகைகளை அடுப்பிற் சூடாக்கி ஈயத்தை உருக்கிச் சில்லுகளைப் பிரித்தெடுக்கும் வேலை பல ஆண்டுகள் குடிசைக் கைத்தொழிலாக நடந்தது. அந்நகரத்துக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு, அயல் நகரத்துக் குழந்தைகளின் அளவைவிட மிக அதிகமாயிருந்தமையை 2007இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பாட்டைப் போரில் எந்தப் பக்கமும் நின்றிராத குழந்தைகள் அவர்கள்.

இவ்வரலாற்றில் மேசையைச் சூழ்ந்திருந்தோர் எப்போதும் கம்பனிகளே என்று கூறுவது முழு உண்மையாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் கைத்தொலைபேசி மின்னேற்றிகளுக்குப் பொது நியமமொன்றைக் கைக்கொள்ளுமாறு கம்பனிகளைக் கேட்டது. அவை தாமாக முன்வந்து கையொப்பமிட்டன. அப்பிள் தன் துறையை மாற்றாமல் இடைப்பொருத்தி ஒன்றைக் காட்டித் தப்பிக்கொண்டது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2022இல், ஒன்றியம் வேண்டுகோளை விட்டுச் சட்டத்தை இயற்றியது. 2024 டிசெம்பர் 28 முதல் அங்கே விற்கப்படும் புதிய கைத்தொலைபேசிகள் யாவும் யூ.எஸ்.பி.-சீ துறையைக் கொண்டிருத்தல் வேண்டும் என்பது விதி. அப்பிள் 2023இலேயே அதற்குப் பணிந்தது. மக்களாற் தெரிவுசெய்யப்பட்ட மன்றமொன்று ஒரு துளையின் வடிவத்தைப் பற்றி விவாதித்து முடிவெடுத்தது சிறிய செய்தியாகத் தோன்றலாம். 1987இல் அத்தகைய மன்றம் எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

எமது பாடசாலைக்கு வந்த புதிய கணினிகள் இப்போது பழையனவாகிவிட்டன. மைக்ரோசொப்ட் 2021இல் அறிவித்த விண்டோஸ் 11 இயங்குவதற்கு, ரி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்புச் சில்லும் குறித்த சில செயலிகளும் இருந்தாக வேண்டும். எமது இயந்திரங்களில் அவை இல்லை. அவற்றில் ஓடும் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு நின்றது. எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் அவை இன்னும் போதியனவே. அதே இளைஞர் வந்து பார்த்தார். இம்முறை காலம் முடிந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. லினக்ஸை ஏற்றித் தருவதாகச் சொல்லி, இரண்டு மாணவர்களை அருகில் இருத்திக்கொண்டு ஒரு சனிக்கிழமை முழுவதும் அதிற் செலவிட்டார்.

அவற்றுக்கும் முந்திய கணினி ஒன்று மாத்திரம் காரியாலய மூலையிற் பழைய மேசைவிரிப்பால் மூடப்பட்டு இருக்கின்றது. சமாந்தரத் துறையுள்ள கடைசி இயந்திரம் அதுதான். தவணைப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது விரிப்பை எடுத்து, தூசு தட்டி, அச்சுப்பொறியின் மைநாடாவைக் கழற்றுகிறோம்.